கம்பில் கட்டிய சிவப்புத் துணி

கண் டாக்டர் அம்மா என் வலக்கண்ணைக் கறுப்புத் தட்டால் மறைத்துவிட்டு, மேசையிலிருந்த சொட்டு மருந்துப் புட்டியின் மூடியைக் கழற்றி என் முகத்துக்கு நேரே பிடித்தார். "இது என்ன நெறம்ங்க தாத்தா?" என்றார். சிவப்பு என்றேன். தட்டை மாற்றி இடக்கண்ணை மறைத்தார். "இப்ப? அதே செவப்பாத் தெரியுதுங்களா, இல்ல கொஞ்சம் வெளுத்தாப்பல இருக்குதுங்களா?" நான் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். புரை எடுத்த கண்ணைப் பரிசோதிக்கத்தான் போயிருந்தேன். என் பேத்தி வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கேள்வி விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மறுபடியும் பொறுமையாகக் கேட்டார். எனக்கு நன்றாகவே விளங்கியது. இதே தருமபுரியில் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியை இன்னொரு டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். அன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் என் பெரியப்பா. பக்கத்தில் நின்று அதைத் தமிழில் சொன்னவன் நான். அன்றைக்கு நான் தமிழில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதை எழுதிவிட வேண்டும் என்றுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் நல்லம்பள்ளிக்கு அந்தப் பக்கம். கேழ்வரகும் ஆமணக்கும் விளையும் செம்மண் பூமி. பெரியப்பா ஊர்ப் பெரியதனக்காரர். வழக்கு என்றால் அவர் வாசலுக்குத்தான் வருவார்கள். ஆறடி உயரம். தலையில் எப்போதும் சிவப்பு உருமால் கட்டியிருப்பார். சந்தைக் கூட்டத்திலும் அந்த உருமாலை வைத்தே அவர் நிற்கும் இடம் தெரியும். அதிகம் பேசமாட்டார். பேசினால் அதற்குமேல் அங்கே பேச்சு இராது. என் அப்பா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டார். அம்மாவும் நானும் பெரியப்பாவின் வீட்டுக்குப் பின்கட்டில் இருந்தோம். எங்கள் பாகத்து நிலத்தையும் அவரே உழுதார்.

அம்மாவின் முழங்கைக்குக் கீழே ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. முதலில் புளியங்கொட்டை அளவு. பிறகு உள்ளங்கை அளவு. பிறகு கழுத்தில் ஒன்று. நான் விளையாட்டாகக் கிள்ளினால், "வலிக்குதுடா, விடு" என்று கையை இழுத்துக்கொள்வாள். ஊரில் பேச்சு கிளம்பியது. ஒருநாள் பெரியப்பா பின்கட்டுக்கு வந்து, அம்மாவின் கையை எட்ட நின்றே பார்த்தார். மறுநாள் ஊர் கூடியது. பெருநோய், அதாவது தொழுநோய், கண்டவர்களை ஏரிக்கு அப்பால் குடிசையில் வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். குடிசைக்கு முன்னால் ஒரு கம்பு நட்டு அதன் உச்சியில் சிவப்புத் துணி கட்டுவார்கள். மாடு மேய்ப்பவர்களும் விறகுக்குப் போகும் பெண்களும் அதைப் பார்த்து ஒதுங்கிப் போக வேண்டும். சோற்றைத் தூரத்திலிருக்கும் ஒரு தட்டைப் பாறைமேல் வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். வைத்தவர் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் உள்ளே இருப்பவர் வெளியே வந்து எடுக்கலாம். அம்மாவுக்கு அந்தக் கம்பை நட்டவர் பெரியப்பா. தன் பழைய உருமாலைக் கிழித்து அதில் கட்டியவரும் அவரே.

அம்மா நாலு வருஷம் அங்கே இருந்தாள். விரல் மடங்கவில்லை, மூக்கு சப்பையாகவில்லை. ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் செத்துப்போனாள். என்னைப் பெரியப்பா அதற்கு முன்பே சேலத்துப் பள்ளிக்கூட விடுதியில் சேர்த்துவிட்டிருந்தார். செய்தி சொல்லி என்னை அழைத்துவர ஆள் அனுப்பினார். நான் வந்து சேர்ந்தபோது குடிசையைக் கொளுத்தி முடித்திருந்தார்கள். சாம்பலுக்கு நடுவே அந்தக் கம்பு பாதி கருகி நின்றது. நிலத்துக்காகத்தான் அவளைத் தள்ளி வைத்தான் என்று அன்றைக்கு எனக்குள் ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டேன். என்னைப் படிக்க வைத்ததும் கண் மறைவாக வைப்பதற்குத்தான் என்று அதோடு சேர்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் நான் எதைப் படித்தாலும் அந்தத் தீர்ப்புக்கு அடியில்தான் படித்தேன். விடுமுறைக்கு வந்தால் அவர் எதிரில் கைகட்டி நின்று, "நல்லாருக்கேனுங்க பெரியப்பா" என்பேன். உள்ளே ஒருவன் உட்கார்ந்துகொண்டு, உனக்கும் ஒரு நாள் வரும் என்று சொல்லிக்கொண்டே இருப்பான்.

வந்தது. இரண்டாம் உலக யுத்தம் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியிருக்கும். நான் இன்டர்மீடியட் முடித்து, ஆசிரியர் பயிற்சியும் முடித்து, தருமபுரியில் வாத்தியாராக இருந்தேன். பெரியப்பாவுக்கு முதலில் கணுக்கால்கள் வீங்கின. பிறகு முழங்காலில் வலி, விடாத வறட்டு இருமல். காதுக்கு முன்னால் இரண்டு பக்கமும் கட்டி போலப் புடைத்தது. மூக்கிலும் காது மடலிலும் சின்னச் சின்னத் தடிப்புகள். ஒரு காலையில் எழுந்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அது சில வாரங்களில் நேராகிவிட்டது என்றாலும் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். அந்தத் தைப்பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனபோது, துணி வெளுக்கிறவரை வாசலில் நிறுத்தி அவர் கத்திக்கொண்டிருந்தார். "புது உருமாலுடா இது! ஒரே வெளுப்புல செங்கப்பொடி மாதிரி ஆக்கிட்ட?" அந்த மனிதர் கையைப் பிசைந்துகொண்டு, "இல்லீங்களே, சாயம் அப்பிடியேதானுங்களே இருக்குது" என்றார். நான் பார்த்தேன். உருமால் செக்கச்செவேலென்றுதான் இருந்தது. பெரியப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு மற்றக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அவருடைய முகம் மாறியதை நான் மட்டும் கவனித்தேன். உருமாலைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

மாசி முடிவதற்குள் இடக்கண்ணில் பாதி போய்விட்டது. கண்ணை அசைத்தால் உள்ளே வலிக்கிறது, நடுவில் புகை அடைத்தது போல இருக்கிறது என்றார். ஊர் வேறு விதமாகப் பேசியது. மூக்குத் தடிப்பு, காது மடல், கோணிய வாய், இப்போது கண். இதற்குமேல் என்ன வேண்டும்? அம்மாவைத் தள்ளி வைத்த நாளில் அவர் சொன்ன வார்த்தைகளையே அவர் வாசலில் நின்று திருப்பிச் சொன்னார்கள். அவர் மறுக்கவில்லை. சேலத்திலிருந்து வெள்ளைக்கார டாக்டர் அம்மா ஒருவர் தருமபுரிக்கு வந்து கண் நோயாளிகளைப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு, அவரிடம் காட்டுவது, அவர் பெருநோய் என்று சொன்னால் அன்றைக்கே ஏரிக்கு அப்பால் போய்விடுவது என்று பெரியப்பாவே ஊரில் சொல்லிவிட்டார். சாட்சிக்குப் பெரியம்மாவின் தம்பி கூட வருவார். இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அந்த மாமா ஊரில் வேடிக்கைப் பேச்சுக்குப் பேர்போனவர். வண்டியில் வரும் வழியெல்லாம் அவருடைய வாய் ஓயவில்லை. "வாத்தியாரு மாப்ளே, வெள்ளைக்காரிச்சி உங்கிட்ட இங்கிலீசுல கேக்கறப்ப கையக் கட்டிக்கிட்டு நின்னுராத. நம்ம மானம் போயிரும்." நான் சிரித்தேன். "மச்சான், நீங்க பயப்படாதீங்க. ஒண்ணும் இருக்காதுங்க" என்று பெரியப்பா பக்கம் திரும்பினார். பெரியப்பா வண்டியின் பின்பக்கத்தில் தனியாக, மற்றவர்மேல் படாமல் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். "பயம் என்னடா, இருந்தா இருக்குது" என்றார். வத்தல்மலைப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். மலை தெரிந்ததோ என்னவோ.

பள்ளிக்கூட அறை ஒன்றில் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்தார்கள். டாக்டரோடு வந்து வழக்கமாகத் தமிழில் எடுத்துச் சொல்லும் நர்ஸ் வெளியே கட்டுப்போடும் வேலையில் இருந்தார். டாக்டர் நடுவயதுப் பெண்மணி. நரைத்த தலை, வேகமான கைகள். கையிலிருந்த சிவப்பு நீலப் பென்சிலின் சிவப்பு முனையைக் காட்டினார். கேட்டதை நான் சொன்னேன். வலக்கண்ணில் "செவப்பு" என்றார் பெரியப்பா. இடக்கண்ணில், "செங்கல்லு. இல்ல, காஞ்ச மண்ணு" என்றார். பிறகு டாக்டர் ஒரு சின்ன விளக்குக் கருவியைத் தன் கண்ணருகே பிடித்து, பெரியப்பாவின் கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தார். அதன் பிறகு அவர் செய்ததைத்தான் என்னால் மறக்க முடிவதில்லை. தன் கோட்டில் செருகியிருந்த குண்டூசியை எடுத்து, பெரியப்பாவின் மூக்குத் தடிப்பில் ஒரு குத்து, காது மடலில் ஒரு குத்து, முழங்காலில் ஒரு குத்து. ஒவ்வொரு குத்துக்கும் பெரியப்பா, "ஐயோ! ஏம்மா, என்னம்மா இது!" என்று கத்தினார். கதவோரம் நின்ற மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டாக்டர் என் பக்கம் திரும்பிச் சொன்னார். கண்ணின் முன்பக்கம் சுத்தமாக இருக்கிறது. பின்னால், பார்வையைக் கொண்டுபோகும் நரம்பு தொடங்கும் இடம் வீங்கி, விளிம்பு கலைந்து கிடக்கிறது. மூட்டு, காதடிச் சுரப்பி, மார்பு, தோல் எல்லாமே உள்ளிருந்து அழன்று போயிருக்கின்றன. அந்த அழற்சிதான் நரம்பையும் பிடித்திருக்கிறது. ஏன் வருகிறது என்று எங்களுக்கே தெரியாது, நம்பிக் கொடுக்கும் மருந்தும் இல்லை. சில பேருக்குத் தானாகத் தணியும். சூடான இடத்தில் வைத்து, பால், நல்ல சாப்பாடு கொடுங்கள். மற்றக் கண் பிழைக்கலாம். அடுத்த மாதம் திரும்ப அழைத்து வாருங்கள். பிறகு ஒரு விரலை உயர்த்திக்கொண்டு, வெளியே நிற்பவருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்: இது பெருநோய் இல்லை. பெருநோய்த் தடிப்பில் ஊசி குத்தினால் இப்படிக் கத்தமாட்டார். இது யாருக்கும் ஒட்டாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடு.

குண்டூசி. ஒரே ஒரு குண்டூசி. அம்மாவின் கையில் யாராவது ஒருமுறை குத்திப் பார்த்திருந்தால் அவளும் கத்தியிருப்பாள். நான் கிள்ளியபோதெல்லாம் கத்தினாளே! அவளுக்குக் கிடைக்காத ஊசி இவனுக்குக் கிடைத்துவிட்டது. இவன் வண்டியேறி வீட்டுக்குப் போவான், உருமால் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வான். "என்ன மாப்ளே சொல்றாங்க?" என்றார் மாமா.

"உடம்பு பூராவும் இருக்குதாமுங்க. கண்ணு நரம்பையும் புடிச்சிருச்சாம். நம்பிக் குடுக்க மருந்து இல்லைன்னு சொல்றாங்க" என்றேன்.

மாமாவின் சிரிப்பு போய்விட்டது. "அந்த வியாதிதானா?"

தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் அம்மா, சொல்லிவிட்டாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் பெரியப்பாவின் தோளைத் தட்டி, சிரித்த முகத்தோடு வழியனுப்பினார். தொட்டுத் தட்டியதைக்கூட மாமா வேறு விதமாகத்தான் எடுத்துக்கொண்டார். "புண்ணியவதி. தெரிஞ்சும் தொடறாங்க பாரு" என்றார். நான் தமிழில் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மைதான். சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் டாக்டர் சொன்னது. விட்டது இரண்டோ மூன்றோ வாக்கியம். ஒருவன் வீட்டில் இருப்பதும் காட்டில் இருப்பதும் அவற்றில்தான் இருந்தது.

அன்று சாயங்காலமே பெரியப்பா வீட்டுக்குள் கால் வைக்காமல், வண்டியிலிருந்து இறங்கி நேரே ஏரிப் பக்கம் நடந்தார். பெரியம்மா தெருவில் விழுந்து புரண்டு அழுதாள். மாமா கம்பு நட்டார். பெரியப்பா தலையிலிருந்த உருமாலை அவிழ்த்து அவரிடம் எறிந்து, "இதையே கட்டுடா" என்றார். அம்மாவின் குடிசை இருந்த இடத்திலேயே புதுக் கொட்டகை. அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன். இதையும் எழுதத்தான் வேண்டும். அம்மா செத்த பிறகு அவ்வளவு நன்றாகத் தூங்கிய இரவு எனக்கு வேறு இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தருமபுரியிலிருந்து வந்து, பெரியம்மாவின் கையிலிருந்து களிச் சட்டியை வாங்கி, நானே கொண்டுபோனேன். ஊரில் என்னைப் புகழ்ந்தார்கள். தாயைத் தள்ளி வைத்தவருக்கே இந்தப் பிள்ளை சோறு கொண்டுபோகிறதே என்றார்கள். நான் போனது பார்ப்பதற்கு. பாறைமேல் சட்டியை வைத்துவிட்டு, வழக்கப்படி மறையாமல் ஆமணக்குச் செடிகளின் ஓரத்தில் நிற்பேன். இடக்கண் முழுதாகப் போய்விட்டது, வலக்கண்ணும் போய்க்கொண்டிருந்தது. கையை நீட்டித் துழாவிக்கொண்டு அவர் வருவதையும், பாறையில் முழங்கால் இடித்துக்கொள்வதையும், சட்டியைத் தவறவிட்டு மண்ணிலிருந்து களியை எடுத்து ஊதித் தின்பதையும் பார்ப்பேன். "இப்பத் தெரியுதா?" என்று வாய்க்குள் கேட்பேன். பாலும் சூடான இடமும் வேண்டும் என்று டாக்டர் சொன்னது எனக்கு அப்போது ஞாபகம் இருந்தது. அடுத்த மாதம் அழைத்து வரச் சொன்னதும் ஞாபகம் இருந்தது. மறதியைக் காரணம் சொல்ல எனக்கு வழியில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ந்த சருகு என் காலடியில் நொறுங்கிவிட்டது. "யாருடா அது?" என்றார். "நாந்தானுங்க பெரியப்பா." நின்ற இடத்திலேயே நின்றார். "கிட்ட வராதடா. படிச்சவன், நாலு புள்ளைங்களோட உக்கார்றவன். ஒட்டிக்கிட்டா என்ன பண்ணுவ? அப்பிடியே நில்லு." இரண்டடி பின்னால் நகர்ந்தார், எனக்கு இடம் விடுவதற்காக. பிறகு கழுத்தை நிமிர்த்தி, கம்பு இருக்கும் திசையை விட்டு வேறு எங்கோ கையைக் காட்டினார். "அந்தத் துணி செவப்பா இருக்குதாடா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். வெயிலிலும் மழையிலும் அது வெளுத்து நார் நாராகத் தொங்கியது. "எதுக்குங்க?" என்றேன்.

"வெளுத்திருந்தா மாத்திக் கட்டு. எனக்குக் கண்ணு தெரியல. ஆடு மேய்க்கிற பசங்க சத்தம் கேக்குது, கிட்டக் கிட்ட வருதுங்க. உங்கம்மாவுக்கு நான் அமாவாசைக்கு அமாவாசை மாத்திக் கட்டுவேன். ராத்திரியில வந்து கட்டிட்டு, அவ தூங்கறாளான்னு எட்ட நின்னு பாத்துட்டுப் போவேன். அவளுக்குத் தெரியாது."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் தன் பாவத்துக்கு வருந்தவில்லை. அவருக்கு அதில் பாவமே தெரியவில்லை. அம்மாவுக்கு நோய் இருந்தது என்று நம்பினார், தள்ளி வைத்தார். தனக்கு இருக்கிறது என்று நம்பினார், தானே தள்ளிப் போனார். அதே பாறை, அதே கம்பு. தனக்கென்று ஒரு முழம்கூடக் குறைத்துக்கொள்ளவில்லை. அறியாமல் செய்தவர் அவர். அறிந்து செய்தவன் பாறைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். எழுந்து போய், "பெரியப்பா, உங்களுக்கு அந்த வியாதி இல்லீங்க, வூட்டுக்கு வாங்க" என்று சொல்ல இரண்டு நிமிஷம் போதும். வாய்வரை வந்தது. அப்போது அந்த மழைக்காலம் நினைவுக்கு வந்தது, காய்ச்சலில் தண்ணீர் கேட்டிருக்கக்கூடிய அம்மா நினைவுக்கு வந்தாள். நம்பிச் செய்தாய் சரி, ஒரு ஊசி எடுத்துக் குத்திப் பார்க்க உனக்குத் தோன்றவில்லையே என்று மறுபடியும் கொதித்தது. சொன்னால் என்னை ஊர் என்ன செய்யும் என்ற பயமும் அதற்குள் ஒளிந்திருந்தது. "வெளுத்துத்தானுங்க இருக்குது. அடுத்த வாரம் புதுசு கொண்டாறேன்" என்றேன்.

கொண்டுபோனேன். தருமபுரிச் சந்தையில் நல்ல கெட்டிச் சிவப்பாகப் பார்த்து வாங்கிப் போய், கம்பைச் சாய்த்துக் கட்டி நிமிர்த்தினேன். "கட்டிட்டியா? தூரத்துலேர்ந்து தெரியுதா?" என்று கேட்டார். "தெரியுதுங்க." "நல்லாருப்படா" என்றார். அதற்குப் பிறகும் வெளுத்தபோதெல்லாம் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவது என்றே கிளம்புவேன். துணியைக் கட்டிவிட்டுத் திரும்பிவிடுவேன். மார்கழிப் பனியில் இருமல் முற்றி அவர் செத்துப்போனார். கொட்டகையைக் கொளுத்தினார்கள். கொளுத்த வேண்டிய தேவை ஒன்றும் இல்லை என்று அறிந்தவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான். பெரியம்மா அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டுக்கும் போகவில்லை. யாரும் கூப்பிடவில்லை. அவளிடமும் நான் சொல்லவில்லை.

இதையெல்லாம் அந்தச் சின்ன டாக்டரிடம் எப்படிச் சொல்வது? "எங்க பெரியப்பாவுக்கு ஒரு கண்ணுல சிவப்பு வெளுத்துத் தெரிஞ்சதும்மா" என்று மட்டும் தொடங்கினேன். வீக்கம், இருமல், மூக்குத் தடிப்பு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அந்த நோய்க்கு இப்போது ஒரு பேர் இருக்கிறது, சார்காய்டோசிஸ் என்கிறார்கள். பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் அதுவாகத்தான் இருக்கும் என்றார். உடம்பு தன்னையே பகையாக எடுத்துக்கொண்டு அழலுமாம். சில பேருக்குக் கண் நரம்பில் போய் நிற்குமாம். இப்போது ஸ்டீராய்டு மாத்திரை இருக்கிறது, வேளையோடு வந்தால் பல பேருக்குப் பார்வையைக் காப்பாற்றலாம் என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்தக் காலத்துல மருந்தே கெடையாதுங்க தாத்தா. யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார்.

மருந்து இல்லை என்பது எனக்குத் தெரியும். அதை மட்டும் நான் அன்றைக்கே சரியாகத் தமிழில் சொல்லிவிட்டேன்.

அவர் மூடியைப் புட்டியில் திருகப் போனார். இன்னொரு தரம் காட்டச் சொன்னேன். காட்டினார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், மற்றக் கண்ணை மூடிப் பார்த்தேன். கெட்டிச் சிவப்பு, இரண்டிலும். "இன்னொரு தரம்மா" என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டார்.

"எத்தன வாட்டி பாத்தாலும் செவப்புதாங்க தாத்தா."